கிணற்றடியில் மெத்தை விரிக்கலாமா?

ஏ.சி.யைப் போட்டதும் முதல் ஐந்து நிமிஷம் ஒரு வாடை வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி இரண்டு நாள் மூலையில் போட்டுவிட்டால் வருமே, அந்த மாதிரி. அப்புறம் மூக்கு பழகிவிடும். நாமும் மறந்துவிடுவோம். விருந்தாளி யாராவது வருகிற அன்றைக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்போம், இல்லாவிட்டால் கடையில் விற்கிற வாசனை ஸ்பிரேயை அடிப்போம். அந்த வாடை எங்கிருந்து கிளம்புகிறது என்று மட்டும் யோசிப்பதில்லை.

“இதெல்லாம் என்ஜினீயர்கள் சமாசாரம், அடுப்படியில் நிற்கிறவளுக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். நானும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். ஆனால் வீட்டுக்காரர் ஆபீஸ் போய்விடுகிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் கிளம்பிவிடுகிறார்கள். பகல் முழுக்க அந்தக் காற்றையே சுவாசித்துக்கொண்டு வீட்டில் இருப்பது யார்? நாமும் மடியில் இருக்கிற குழந்தையும்தானே! அதனால் எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். என் தம்பி இருபது வருஷமாக ஏ.சி. டிசைன் வேலையில் இருக்கிறான். அவனைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது பாதி. என் மகள் வீட்டில் கண்ணால் பார்த்தது மீதி.

முதலில் ஒரு விஷயம். ஏ.சி. என்றால் குளிரூட்டும் பெட்டி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அது பிறந்ததே ஈரத்தை எடுப்பதற்காக! 1902-ல் அமெரிக்காவில் புரூக்ளின் என்ற இடத்தில் ஓர் அச்சகம். வெயில் காலத்துப் புழுக்கத்தில் காகிதம் ஈரத்தை இழுத்து உப்பிவிடும். ஒரு கலர் அச்சடித்து அடுத்த கலர் அடிப்பதற்குள் படம் தள்ளிப் போய்விடும். இதற்கு வழி கண்டுபிடி என்று வில்லிஸ் கேரியர் என்கிற இளம் என்ஜினீயரிடம் சொன்னார்கள். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தினால் காற்றில் இருக்கிற ஈரம் குழாயில் தண்ணீராகப் படிந்துவிடும், காற்று உலர்ந்து வெளியே வரும் என்று அவர் செய்து காட்டியதுதான் இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஐஸ் தண்ணீர் ஊற்றின டம்ளர் வெளியே வேர்க்கிறதல்லவா? அதே சங்கதிதான். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சென்னையில் ஒரு புழுக்கமான நாள், 30 டிகிரி வெப்பம், ஈரப்பதம் 75 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. அந்த வெற்று அறையின் காற்றுக்குள் மட்டும் சுமார் முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக மிதந்துகொண்டிருக்கும். அதே காற்றை 13 டிகிரிக்குக் குளிர வைத்தால் அதில் பாதிகூடத் தங்காது. மீதி அத்தனையும் சொட்டியாக வேண்டும். கதவு இடுக்கு, சமையல், குளியல், நம் மூச்சு என்று புது ஈரம் வேறு வந்துகொண்டே இருக்கிறதா, ஏ.சி. நாள் பூராவும் தண்ணீர் இறைத்தபடியே இருக்கிறது.

இந்தத் தண்ணீர் இறங்குகிற இடத்துக்கு ‘கூலிங் காயில்’ என்று பெயர். செம்புக் குழாயும் அலுமினியத் தகடுகளுமாக, சீப்பை நெருக்கி அடுக்கியதுபோல் இருக்கும். அதற்குக் கீழே ஒரு டிரே. டிரேயிலிருந்து வெளியே ஒரு பைப். சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏ.சி. என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் இப்போது புது அடுக்குமாடி வீடுகளில் ஹாலுக்கு மட்டுமாவது மெஷினை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்து வைத்து, தகர டக்ட் வழியாகக் காற்றைக் கொண்டுவந்து, மேலே அழகான கிரில் போட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், குழந்தைகளை விடுகிற பிளே ஸ்கூல் என்று எங்கும் இந்த டக்ட்தான். பார்க்க லட்சணம்தான். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

என் மகள் வீட்டில் தெரியவந்தது. அவள் வீடு வாங்கிக் குடிபோய் இரண்டு வருஷம். ஹாலில் டக்ட் ஏ.சி. போட்டவர்கள் யார் என்பது வேண்டாம், தொழிலில் இருப்பவர்கள்தான். குழந்தைக்கு எட்டு மாசம். ஹாலில் படுக்க வைத்தால் இருமுகிறாள், மூக்கடைப்பு, இரவில் இழுப்பு மாதிரி ஒரு சத்தம். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, “வீட்டில் ஈரமோ பூசணமோ இருக்கிறதா, பாருங்கள்” என்றார். மகள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டாள். சுவர் சுத்தம், பாத்ரூம் சுத்தம். கிரில்லைச் சுற்றி மட்டும் சீலிங்கில் மை தீற்றினதுபோல் கறுப்பு. நான் போன் பண்ணியதும் தம்பி ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

வந்ததும் முதல் வேலையாக, “அக்கா, நீ குழந்தையைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்குப் போயிடு. நாங்க திறந்தா உள்ளே இருக்கிறதெல்லாம் பறக்கும்” என்றான். மகளையும் குழந்தையையும் மாப்பிள்ளையோடு அனுப்பிவிட்டு நான் போகாமல் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். சோபாவையெல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினார்கள். மெஷினைத் திறந்து பார்க்கச் சீலிங்கில் ஒரு கதவுகூட வைக்கவில்லை. அறுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால்… சிவ சிவா! டக்டின் உட்புறம் பூராவும் ஒரு பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டியிருக்கிறது. மெஷினை ஒட்டினாற்போல் இரண்டு முழ நீளத்துக்கு அது ஊறி, தொங்கி, கரிக்கட்டையாகக் கறுத்திருக்கிறது. மெக்கானிக் விரலால் அழுத்தினார். பிழிந்த மாதிரி தண்ணீர் வந்தது.

“இது கிளாஸ் வூல், அக்கா. கண்ணாடியை நூலா இழுத்துச் செய்யற பஞ்சு. இதை உள்ளே ஒட்டுறது தப்பில்லை. காற்று ஓடுற சத்தம் கேட்காது, குளிர் வீணாகாது, டக்ட் வெளிப்பக்கம் வேர்க்காது. ஆனா எங்கே ஒட்டணும்னு ஒண்ணு இருக்கு இல்லையா? காயில் வாயிலேயே ஒட்டியிருக்கான். நீ கிணத்தடியிலே மெத்தை விரிப்பியா?”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. காயில் இருக்கிற இடம் வீட்டின் கிணற்றடி. அங்கே எப்போதும் ஈரம். காயிலைத் தாண்டி வருகிற காற்று கிட்டத்தட்ட முழுக்க நனைந்த காற்று. இனி ஒரு சொட்டு ஈரம்கூட அதற்கு மேல் பிடிக்காது. அதனால் அதன் வழியில் இருக்கிற நனைந்த பொருள் உலரவே உலராது. காற்று வேகமாகப் போனால் காயிலில் நிற்கிற துளிகளையும் பறித்துக்கொண்டு போய் எதிரே தெறிக்கும். நிமிஷத்துக்கு 500 அடி வேகத்துக்கு மேல் போனால் இந்தத் தெறிப்பு ஆரம்பிக்கும் என்பது டிசைன்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு. காயிலில் பாதி அழுக்கு அடைத்துக்கொண்டால் மீதிப் பாதி வழியாக எல்லாக் காற்றும் நெருக்கியடித்துப் போகும். அங்கே வேகம் கூடும், தெறிப்பும் கூடும். ஃபில்டரைக் கழுவு, கழுவு என்று சொல்வது குளிர்ச்சிக்காக மட்டுமில்லை.

“கண்ணாடியில் எப்படிடா பூசணம் பூக்கும்? கண்ணாடியைத் தின்னுமா?” என்று கேட்டேன். கண்ணாடியைத் தின்னாதாம். அதில் ஒட்டுகிற தூசியைத் தின்னுமாம். நம் தோலிலிருந்து உதிர்கிற பொடி, துணியின் நூல் தும்பு, மாவுத்தூள், எல்லாம் அதற்கு விருந்து. பஞ்சின் முரட்டு மேற்பரப்பு தூசியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சாப்பாடும் தண்ணீரும் இருட்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். நம் ஊரில் மழை நாளில் ஊறுகாய் ஜாடி நம்மைப் படுத்துகிற பாட்டுக்கு, அந்தக் கெடுவை அமெரிக்கா சொல்லித்தானா தெரிய வேண்டும்!

குழந்தைகள் விஷயத்தில் இது விளையாட்டில்லை. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா, மூச்சுக்குழாய்த் தொற்று இவையெல்லாம் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே 2009-ல் தனி நூலாகப் போட்டுச் சொல்லியிருக்கிறது. அதற்காக இருமுகிற குழந்தைக்கெல்லாம் டக்ட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தைக்குச் சளி பிடிக்க ஆயிரம் காரணம் உண்டு. இழுப்பு இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் மெக்கானிக்.

எதை வைப்பது?

பிய்த்து எறியாமல் மருந்து அடித்துச் சுத்தம் பண்ணிவிடலாமே என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். செலவு மிச்சமாகுமே என்று அவருக்கு. தம்பி ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டான். தகரத்தில் பூசணம் என்றால் துடைத்துவிடலாம். பஞ்சுக்குள் இறங்கியதைத் துடைக்க வழியில்லை. நனைந்து பூசணம் பிடித்த கிளாஸ் வூலைச் சுத்தம் செய்ய முடியாது, எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று அதே அமெரிக்க நிறுவனமும் சொல்கிறது. வீட்டில் மருந்தடிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் இதை ஞாபகம் வையுங்கள். வாசனை மருந்தை அடித்தால் பூசணமும் இருக்கும், மருந்தும் சேர்ந்து குழந்தையின் மூக்கில் ஏறும்.

சரி, பஞ்சுக்குப் பதில் எது? இந்த இடத்தில் தம்பி என் காலைக் காட்டினான். “உன் ஹவாய் செருப்பு மழையிலே நனைஞ்சா என்ன ஆகும்?” ஒன்றும் ஆகாது, உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதே அளவு பஞ்சுத் திண்டு நனைந்தால்? மூன்று நாள் வெயில் வேண்டும். இரண்டுக்குள்ளும் காற்றுதான் இருக்கிறது. திண்டுக்குள் இருக்கிற காற்றறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கின்றன, தண்ணீர் அறைக்கு அறை ஓடும். செருப்பு ரப்பருக்குள் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கிறது, தண்ணீர் வாசலோடு நிற்கும். டக்டுக்கென்றே இப்படி மூடிய குமிழ்களோடு வருகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் இருக்கிறது. காயில் பக்கத்தில் அதைத்தான் போட வேண்டும். அதுவும் தீப்பிடித்தால் பரவாத ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் கிடைக்கிற ஃபோம் எல்லாம் அப்படி இல்லை.

அதைவிட நல்லது, அந்த இடத்தில் உள்ளே ஒன்றுமே ஒட்டாமல் வெறும் தகரமாக விட்டு, ரப்பரை வெளியே சுற்றுவது. உட்புறம் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி, எப்போது வேண்டுமானாலும் துடைக்கலாம். பெரிய மெஷின்களில் இரட்டைத் தகரம் வைத்து நடுவில் இன்சுலேஷனை அடைத்துவிடுவார்கள், நம் ஃப்ரிஜ் கதவு மாதிரி. சத்தத்துக்காகக் கிளாஸ் வூல் வேண்டுமென்றால் காயிலையும் டிரேயையும் தாண்டி, துளி எட்டாத தூரத்தில், கிரில் பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம்.

வெளியே சுற்றினால் கவலை விட்டதா என்றால் அதுவும் இல்லை. தகரம் உள்ளே 13 டிகிரி. வெளியே சீலிங்குக்குள் சென்னைப் புழுக்கம். நான் முன்னே சொன்ன அந்த நாளில், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வேர்க்கும். ரப்பர் ஷீட் சேருகிற இடத்தில் ஒரு நகக்கண் இடைவெளி இருந்தால் போதும். புழுக்கக் காற்று அதன் வழியாக நுழைந்து தகரத்தில் பட்டுத் தண்ணீராகிவிடும். சீலிங்கில் டீக்கறை மாதிரி வட்டம் வட்டமாக வருகிறதே, பல வீடுகளில் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரைத் திட்டுவார்களே, அதில் எத்தனையோ இந்த வேர்வைதான். அதனால் ஒவ்வொரு மூட்டும் பசை போட்டு, மேலே டேப் ஒட்டி, காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஆட்கள் வேலை செய்யும்போது டீ கொண்டுபோகிற சாக்கில் எட்டிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

தண்ணீர் போக வழி

மகள் வீட்டில் இன்னொன்றும் தப்பாக இருந்தது. டிரே பைப் பக்கம் சாய்ந்திருப்பதற்குப் பதில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, விரல் ஆழத்துக்குத் தண்ணீர் குட்டை கட்டி நின்றது. அந்தத் தண்ணீர் நிறத்தை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது வாட்டம் வேண்டும் என்று அமெரிக்க ஏ.சி. என்ஜினீயர்கள் சங்கத்தின் 62.1 என்ற விதி சொல்கிறது. பாத்ரூம் தரைக்கு வாட்டம் பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டுத்தானே கொத்தனாருக்குக் கூலி கொடுக்கிறோம். டிரேக்கும் அதேதான். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி மிச்சமில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் இதையும் செய்யச் சொல்லுங்கள்.

சில மெஷின்களில் விசிறி காயிலுக்கு அப்பால் நின்று காற்றை உறிஞ்சும். அந்த ரகத்தில் ஒரு வேடிக்கை. நாம் ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுகிற மாதிரி, டிரேயின் பைப் வழியாக வெளிக்காற்றை மேலே இழுக்கும். ஏறி வருகிற காற்று தண்ணீரை இறங்க விடாது. அதற்காக வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கிற மாதிரி வளைவுக் குழாய் ஒன்று போட்டு, அதில் தண்ணீர் நிற்க வைக்க வேண்டும். காற்றுக்கு அது மூடி, தண்ணீருக்கு வழி. இந்த வளைவு இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏ.சி. ஓடுகிறவரைக்கும் பைப்பில் சொட்டு வராது. நிறுத்தினதும் குபுகுபுவென்று கொட்டும்.

மகள் வீட்டு வேலை இரண்டு நாளில் முடிந்தது. ஊறின பஞ்சையெல்லாம் அங்கேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் நடந்தார்கள். மெஷின் வாயில் புதுத் தகரத் துண்டு வைத்து, மேலே ரப்பர் சுற்றினார்கள். டிரேயை நிமிர்த்தி, தண்ணீர் மேலே ஏறினால் மெஷின் தானே நின்றுவிடுகிற மிதவை ஸ்விட்ச் ஒன்று வைத்தார்கள். சீலிங்கில் சின்னதாக ஒரு கதவு. அழகு கெட்டுவிட்டது என்று மகளுக்கு வருத்தம். எனக்கென்னவோ அந்த வீட்டிலேயே அழகான இடம் அதுதான். குழந்தைக்கு அப்புறம் இழுப்பு வரவில்லை. அதனால்தான் நின்றது என்று சத்தியம் பண்ண மாட்டேன், டாக்டர் மருந்தும் நடந்துகொண்டிருந்தது. வாடை போனது மட்டும் நிச்சயம்.

டக்ட் இல்லாத, சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. வைத்திருப்பவர்களும் ஒன்று செய்யலாம். காலையில் ஏ.சி.யை நிறுத்துமுன் குளிர்ச்சியை மட்டும் அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் விசிறியை ஓட விடுங்கள். காயில் உலர்ந்துவிடும். புது மாடல்களில் இதைத் தானே செய்கிற பொத்தான் இருக்கிறது. 18 டிகிரி வைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குவதும் வேண்டாம். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கிற ஸ்டார் முத்திரை ஏ.சி.க்கள் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது மின்சாரத்துக்காக. ஆனால் குளிர் குறைந்தால் வேர்வையும் குறைகிறதே, அந்த லாபமும் நமக்குத்தான்.

புதிதாக டக்ட் ஏ.சி. போடப் போகிறவர்கள், காண்டிராக்டர் படத்தைக் கொண்டுவந்து விரிக்கும்போது நம்மைக் காபி போட அனுப்பிவிட்டு ஆண்கள் மட்டும் பேசுவார்கள். காபியைக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். “காயிலுக்குப் பக்கத்தில் உள்ளே என்ன ஒட்டப் போகிறீர்கள்? திறந்து பார்க்கக் கதவு எங்கே? டிரே தண்ணீர் எங்கே போய் விழும்?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வருகிறதா என்று பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

ஏற்கனவே போட்டிருப்பவர்கள், புழுக்கம் அதிகமான ஒரு நாள் பார்த்து டிரெயின் பைப்புக்கடியில் ஒரு வாளியை வையுங்கள். இரண்டு மணி நேரம் ஏ.சி. ஓடட்டும். வாளியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் சந்தோஷம், செடிக்கு ஊற்றுங்கள், வீடு துடையுங்கள். குடிக்கவோ பால் பாட்டில் கழுவவோ வேண்டாம். வாளி காய்ந்து கிடந்தால், அந்தத் தண்ணீர் உங்கள் தலைக்கு மேலே எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், டார்ச்சை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.